உலோகங்களில் லேசர் துடிப்புவழி மேற்பரப்பு ஒலியலை உருவாக்கம்

லேசர் துடிப்புவழி மேற்பரப்பு ஒலியலை உருவாக்கம் என்பது, மிகக் குறுகிய நேரமே நீடிக்கும் லேசர் ஒளித்துடிப்பை ஓர் உலோகத்தின் மீது பாய்ச்சி, அதன் மேற்பரப்பை ஒட்டிப் பரவும் மீயொலி அலைகளைத் தோற்றுவிக்கும் முறையாகும். ஒளி உலோகத்தைத் தள்ளுவதால் இவ்வலை எழுவதில்லை. ஒளி பட்ட இடம் திடீரெனச் சூடாகி விரிய முயல்வதும், சுற்றியுள்ள குளிர்ந்த உலோகம் அவ்விரிவைத் தடுப்பதுமே அலைக்குக் காரணம். எக்கருவியும் உலோகத்தைத் தொட வேண்டியதில்லை என்பதால், சூடான பாகங்கள், நகர்ந்துகொண்டிருக்கும் தகடுகள், வளைந்த பரப்புகள் ஆகியவற்றில் விரிசல்களைக் கண்டறியவும், மேற்பூச்சுகளின் தன்மையை அளக்கவும் இம்முறை பயன்படுகிறது.

இம்முறையில் இயல்பாகவே ஒரு முரண் அமைந்துள்ளது. அலை வலுவாக இருக்கவேண்டும் என்று ஒளியின் ஆற்றலைக் கூட்டிக்கொண்டே போனால், பழுது உள்ளதா என்று சோதிக்கப்படும் பரப்பு அந்த ஒளியாலேயே பழுதாகும். கீழே விளக்கப்படும் நுட்பங்களுள் பெரும்பாலானவை இம்முரணைத் தீர்க்க எழுந்தவையே.

மேற்பரப்பு ஒலியலை

திண்மம் ஒன்றின் உட்பகுதியில் இருவகை மீட்சி அலைகள் பரவக்கூடும். துகள்கள் அலை செல்லும் திசையிலேயே அதிர்வது நெட்டலை. அதற்குச் செங்குத்தாக அதிர்வது குறுக்கலை. திண்மத்திற்கு வெளிப்பரப்பு ஒன்று இருக்கும்போது, இவ்விரண்டும் குறிப்பிட்ட அளவில் இணைந்து, பரப்பை விட்டு அகலாமல் செல்லும் மூன்றாவது வகை அலையும் இயலும் என்று 1885ஆம் ஆண்டில் ஆங்கிலேய இயற்பியலாளர் ரேலே பிரபு கணித வழியில் காட்டினார். அவர் பெயராலேயே இது ரேலே அலை என வழங்குகிறது. நிலநடுக்கங்களில் இவ்வலைக்கு முக்கியப் பங்கு இருக்கக்கூடும் என்பதை அவர் அக்கட்டுரையிலேயே குறிப்பிட்டார். நிலநடுக்கத்தின்போது தரையைப் புரட்டிச் செல்லும் அலையும், ஓர் அலுமினியத் தகட்டில் லேசர் எழுப்பும் அலையும் ஒரே சமன்பாடுகளுக்குக் கட்டுப்பட்டவை. முன்னதன் அலைநீளம் கிலோமீட்டர்களிலும் பின்னதன் அலைநீளம் மில்லிமீட்டரிலோ அதற்கும் கீழோ அமைவதே வேறுபாடு.

ரேலே அலை செல்லும்போது பரப்பிலுள்ள துகள்கள் நீள்வட்டப் பாதையில் சுழல்கின்றன. நீரலையிலும் துகள்கள் சுழல்வது உண்டு. அங்கு முகட்டில் உள்ள துகள் அலை செல்லும் திசையிலேயே நகரும். ரேலே அலையில் அது எதிர்த்திசையில் நகரும். பரப்பிலிருந்து அலைநீளத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு ஆழத்திற்குக் கீழே சுழற்சியின் திசை மாறிவிடுகிறது. ஆழம் கூடக்கூட அசைவு விரைந்து குறைந்து, ஓர் அலைநீள ஆழத்திற்குள் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. ஆகவே அலைநீளத்தைத் தெரிவு செய்வது, பரப்பிலிருந்து எவ்வளவு ஆழம் வரை சோதிக்கப் போகிறோம் என்பதைத் தெரிவு செய்வதாகும்.

ரேலே அலையின் வேகம் குறுக்கலையின் வேகத்தைவிடச் சற்றுக் குறைவு. அலுமினியத்தில் நெட்டலை நொடிக்கு ஏறத்தாழ 6,300 மீட்டரும், குறுக்கலை 3,100 மீட்டரும், ரேலே அலை 2,900 மீட்டரும் செல்கின்றன. எஃகில் இவை முறையே ஏறத்தாழ 5,900, 3,200, 3,000 மீட்டர் ஆகும். ஒரே சீரான பொருளில் ரேலே அலையின் வேகம் அதிர்வெண்ணைச் சார்ந்திராது. பயன்பாடுகளைப் பேசும்போது இப்பண்பு மீண்டும் தேவைப்படும்.

லேசர் ஏன் தேவைப்படுகிறது

குவார்ட்சு, லித்தியம் நையோபேட்டு போன்ற அழுத்தமின் படிகங்களில் மேற்பரப்பு அலையை எழுப்புவது எளிது. சீப்பின் பற்களைப் போல ஒன்றினுள் ஒன்று கோத்த இரு மின்முனைகளைப் படிகத்தின் மேல் படியவைத்து, மாறுமின்னழுத்தம் கொடுத்தால் போதும். கைப்பேசிகளில் உள்ள மேற்பரப்பு ஒலியலை வடிப்பிகள் இவ்வாறே இயங்குகின்றன. உலோகத்தில் இவ்வழி செல்லாது. உலோகம் அழுத்தமின் பொருளன்று. மின்கடத்தி என்பதால் மின்முனைகளுக்கு இடையே மின்னழுத்த வேறுபாட்டைத் தாங்கவும் செய்யாது.

தொழிற்கூடங்களில் வழக்கமாக ஒரு நெகிழி ஆப்பின் மேல் மீயொலி மாற்றியைப் பொருத்தி, அலையைச் சாய்வாக உலோகத்திற்குள் செலுத்துவர். அலுமினியத்திற்கு அக்கோணம் ஏறத்தாழ 70 பாகை. ஆப்புக்கும் உலோகத்துக்கும் இடையே எண்ணெயோ பசைநீர்மமோ தடவவேண்டும். அந்த நீர்மப் படலத்தின் தடிப்பும், கை கொடுக்கும் அழுத்தமும் மாறினால் அலையின் வலிமையும் மாறும். 500 பாகை வெப்பத்தில் இருக்கும் எஃகின் மேல் இத்தகைய ஆப்பை வைக்க இயலாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. லேசர் ஒளிக்கோ இத்தடைகள் இல்லை.

வரலாறு

விட்டுவிட்டு விழும் ஒளி திண்மங்களில் ஒலியை எழுப்பும் என்பதை 1880இல் அலெக்சாந்தர் கிரகாம் பெல் கண்டறிந்தார். சூரிய ஒளியைச் சுழலும் துளைத்தட்டால் மறித்து அவர் செய்த ஆய்வு நெடுங்காலம் ஒரு விந்தையாகவே இருந்துவிட்டது. போதிய ஆற்றலைப் போதிய விரைவில் கொட்டக்கூடிய ஒளிமூலம் அன்று இல்லை. 1960இல் தியோடர் மைமன் ரூபி லேசரை இயக்கிக் காட்டினார். 1962இல் மக்லங், எல்வார்த் ஆகியோர் லேசரில் ஆற்றலைத் தேக்கிவைத்து ஒரே பாய்ச்சலில் வெளிவிடும் கியூ-நிலைமாற்ற முறையைச் செயல்படுத்தினர். துடிப்பின் நீளம் நானோநொடிகளுக்குச் சுருங்கியது. திறன் மெகாவாட் அளவுக்கு உயர்ந்தது. ஒரு நானோநொடி என்பது நொடியின் நூறுகோடியில் ஒரு பங்கு.

இதற்கு மறு ஆண்டே, 1963இல், அமெரிக்கரான ரிச்சர்டு ஒயிட் பரப்பைத் திடீரெனச் சூடாக்குவதால் மீட்சி அலைகள் எழுவதன் கோட்பாட்டை வெளியிட்டார். இவரே 1965இல் வோல்ட்மருடன் இணைந்து, மேலே சொன்ன சீப்பு வடிவ மின்முனையை அறிமுகப்படுத்தியவர். மேற்பரப்பு அலையை எழுப்பும் இருபெரும் வழிகளிலும் ஒருவரது கையே முதலில் தெரிகிறது. 1968இல் லீ, ஒயிட் இருவரும் வெப்பமூட்டலால் மேற்பரப்பு அலைகளையே நேரடியாக எழுப்பிக் காட்டினர்.

உலோகங்களில் இவ்வலைகளின் வடிவத்தையும் அளவையும் எண்ணளவில் ஆராய்ந்த பணி பெரிதும் இங்கிலாந்தில் நடந்தது. ஆர்வெல் அணுவாற்றல் ஆய்வகத்தைச் சேர்ந்த இசுகுரூபி, அல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டியூகர்சுட்டு, அச்சின்சு, பாமர் ஆகியோர் 1980இல் வெளியிட்ட கட்டுரை இத்துறையின் அடிப்படைகளுள் ஒன்று. 1982இல் எயின்டோ, டியூகர்சுட்டு, பாமர் ஆகியோர் ஒளியைப் புள்ளியாக அன்றிக் கோடாகக் குவித்து, ஒரு குறிப்பிட்ட திசையில் மட்டும் வலுவாகச் செல்லும் மேற்பரப்பு அலைத்துடிப்புகளை உலோகங்களில் பெற்றனர். 1984இல் ரோசு என்பார் இவ்வெப்ப மூலத்திற்குரிய முறையான கணித வடிவத்தை அளித்தார்.

இயங்கும் விதம்

உலோகத்தில் விழும் ஒளியின் பெரும்பகுதி தெறித்துவிடுகிறது. எஞ்சியதை மேற்பரப்பில் உள்ள இலத்திரன்கள் உட்கவர்கின்றன. 1,064 நானோமீட்டர் அலைநீளமுள்ள நியோடிமியம்-யாக் லேசரின் ஒளி அலுமினியத்தினுள் ஏறத்தாழ 10 நானோமீட்டர் ஆழமே செல்லும். ஆனால் சூடாகும் ஆழம் அதுவன்று. துடிப்பு நீடிக்கும் நேரத்திற்குள் வெப்பம் உலோகத்தினுள் எவ்வளவு தொலைவு பரவுமோ அதுவே சூடாகும் அடுக்கின் தடிப்பு. 10 நானோநொடியில் அலுமினியத்தில் இது ஏறத்தாழ 2 மைக்ரோமீட்டர். வெப்பத்தைக் குறைவாகக் கடத்தும் எஃகில் 1 மைக்ரோமீட்டருக்கும் குறைவு. தலைமுடியின் தடிப்பில் ஐம்பதில் ஒரு பங்கு அளவே உள்ள படலம்தான் இங்கு அலையை எழுப்பும் இயந்திரம்.

ஓர் எடுத்துக்காட்டைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 5 மில்லியூல் ஆற்றலும் 10 நானோநொடி நீளமும் உள்ள துடிப்பு, அலுமினியக் கலப்புலோகத் தகட்டின் மேல் 10 மில்லிமீட்டர் நீளமும் அரை மில்லிமீட்டர் அகலமும் உள்ள கோடாக விழுகிறது எனக் கொள்வோம். திறன் அரை மெகாவாட். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 1 கோடி வாட். இதில் 6 விழுக்காடு உட்கவரப்பட்டால், 0.3 மில்லியூல் வெப்பம் 2 மைக்ரோமீட்டர் தடித்த அடுக்கில் தங்கும். அவ்வடுக்கின் நிறை ஒரு கிராமின் ஏறத்தாழ முப்பத்தேழாயிரத்தில் ஒரு பங்குதான் என்பதால், அதன் வெப்பநிலை சராசரியாக 12 பாகை செல்சியசு உயரும். மேல்விளிம்பில் உயர்வு இதைப்போல் இரு மடங்கு இருக்கும். அவ்வளவே. உலோகம் உருகவோ நிறம் மாறவோ இல்லை; கையால் தொட்டாலும் தெரியாது.

ஆனால் இந்த 12 பாகை உயர்வு சில நானோநொடிகளில் நிகழ்கிறது. சூடான அடுக்கு விரிய முயல்கிறது. மேல்நோக்கி விரிவதற்குத் தடையில்லை. அங்கு வெறும் காற்றே உள்ளது. அத்திசையில் பரப்பு ஏறத்தாழ ஒரு நானோமீட்டர் உயர்கிறது. பக்கவாட்டில் விரிய முடியாது, சுற்றிலும் குளிர்ந்த உலோகம் இறுகப் பிடித்திருக்கிறது. இவ்வாறு தடுக்கப்பட்ட விரிவு தகைவாக மாறுகிறது. யங் குணகம், வெப்ப விரிவுக் குணகம், வெப்பநிலை உயர்வு ஆகிய மூன்றையும் பெருக்கி, ஒன்றிலிருந்து பாய்சான் விகிதத்தைக் கழித்து வருவதால் வகுத்தால் இத்தகைவு கிடைக்கும். நமது எடுத்துக்காட்டில் அது ஏறத்தாழ 29 மெகாபாசுக்கல், அதாவது வளிமண்டல அழுத்தத்தைப்போல் முந்நூறு மடங்கிற்குச் சற்றுக் குறைவு.

ஒளியே உலோகத்தை அழுத்துவதால் அலை எழுகிறது என்ற கருத்து மாணவரிடையே காணப்படுவதுண்டு. ஒளிக்கு அழுத்தம் உண்டு என்பது உண்மையே. ஆனால் மேற்கண்ட துடிப்பின் ஒளியழுத்தம் ஏறத்தாழ 670 பாசுக்கல் மட்டுமே. வெப்பத் தகைவு அதைவிட நாற்பதாயிரம் மடங்கிற்கும் அதிகம். எனவே ஒளியழுத்தத்தைக் கணக்கில் கொள்ளாமலே விட்டுவிடலாம்.

தகைவு பரப்புக்கு இணையாக உள்ளது என்பது முக்கியம். ரோசு அளித்த கணித வடிவத்தின்படி இம்மூலம், பரப்பில் ஒரு புள்ளியிலிருந்து எல்லாப் பக்கமும் வெளிநோக்கி இழுக்கும் விசைகளின் தொகுதிக்கு ஒப்பானது. சுத்தியல் அடி போலப் பரப்பைக் கீழ்நோக்கித் தள்ளும் மூலம் அன்று. அதனால் உட்பகுதியில் நேர் கீழாக நெட்டலை மிக வலுவற்றும், பரப்பை ஒட்டி ரேலே அலை நன்கு வலுவாகவும் எழுகின்றன. இவ்வாறு உலோகத்திற்கு எக்கேடும் விளைவிக்காமல், விரிவினால் மட்டும் அலை எழும் நிலை வெப்ப மீட்சி நிலை எனப்படும். இந்நிலையில் ஒளியின் ஆற்றலை இரட்டித்தால் அலையின் வீச்சும் இரட்டிக்கும்.

நீக்க நிலை

ஒளியின் செறிவு ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சில கோடி வாட் என்ற அளவைத் தாண்டும்போது நிலைமை மாறுகிறது. துல்லியமான எல்லை உலோகத்தையும் பரப்பின் தூய்மையையும் பொறுத்தது. தூசியோ எண்ணெய்ப் பிசுக்கோ இருந்தால் குறைந்த செறிவிலேயே தொடங்கிவிடும். பரப்பின் மெல்லிய அடுக்கு உருகி ஆவியாகி, பிளாசுமாவாக மேல்நோக்கிப் பீறிடுகிறது. துப்பாக்கி பின்னோக்கி உதைப்பது போல, வெளியேறும் பொருள் பரப்பைக் கீழ்நோக்கி உதைக்கிறது. இப்போது மூலம் உண்மையிலேயே சுத்தியல் அடியைப் போன்றதாகிவிடுகிறது.

செங்குத்தாக அதிரும் மூலம் ஒன்று தன் ஆற்றலை எவ்வாறு பங்கிடும் என்பதை மில்லர், பர்சி இருவரும் 1955இல் கணக்கிட்டனர். பாய்சான் விகிதம் 0.25 உள்ள பொருளில் 67 விழுக்காடு ரேலே அலைக்கும், 26 விழுக்காடு குறுக்கலைக்கும், 7 விழுக்காடு மட்டுமே நெட்டலைக்கும் செல்கின்றன. ஆக, நீக்க நிலையிலும் மேற்பரப்பு அலை வலுவாகவே கிடைக்கும். விலை என்னவெனில் ஒவ்வொரு துடிப்பும் பரப்பில் ஒரு சிறு குழியை விட்டுச் செல்லும். ஆலையில் செந்தணலாக ஓடும் எஃகுக் குழாய்க்கு இது பொருட்டன்று. எப்படியும் அதன் மேல் துகள் படிந்து உதிரத்தான் போகிறது. மெருகிட்ட விமானப் பொறி இதழுக்கு இதை ஏற்க முடியாது. சுழலும் பாகங்களில் அத்தகைய குழியே நாளடைவில் களைப்பு விரிசலின் தொடக்கமாகலாம்.

இடைப்பட்ட வழியும் உண்டு. பரப்பில் மெல்லிய எண்ணெய்ப் படலம் பூசினால், ஆவியாவது எண்ணெயேயன்றி உலோகம் அன்று. உதைப்பு உலோகத்திற்குக் கிட்டும். ஆய்வகங்களில் இது பழக்கமான உத்தி. எனினும் நீர்மத்தைத் தவிர்ப்பதற்காகவே லேசரைக் கொண்டுவந்துவிட்டு மீண்டும் எண்ணெய் பூசுவது, முறையின் தலையாய நன்மையை விட்டுக்கொடுப்பதாகும்.

ஒளியின் வடிவமும் அலையின் வடிவமும்

துடிப்பின் நேரம் குறுகக் குறுக அதிர்வெண் உயரும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. மேற்பரப்பு அலையைப் பொருத்தவரை பெரும்பாலும் இது உண்மையன்று. ஒளிபட்ட பகுதியின் ஒரு விளிம்பில் எழுந்த அலை, மறுவிளிம்பைக் கடந்து வெளியேற எடுக்கும் நேரமே அலைத்துடிப்பின் நீளத்தை முடிவு செய்கிறது. அரை மில்லிமீட்டர் அகலமுள்ள கோட்டைக் கடக்க அலுமினியத்தில் ரேலே அலைக்கு 172 நானோநொடி ஆகும். ஒளித்துடிப்பு 10 நானோநொடியாக இருந்தாலும் 1 நானோநொடியாக இருந்தாலும் அங்கு எழும் அலை ஏறத்தாழ ஒன்றே. கோட்டின் அகலத்தை 30 மைக்ரோமீட்டருக்குக் கீழ் குறைத்தால்தான் 10 நானோநொடித் துடிப்பின் நேரம் கணக்கிற்கு வரும். சுருங்கச் சொன்னால், அதிர்வெண்ணைத் தெரிவு செய்வது லேசர் அன்று, அதன் முன் வைக்கும் வில்லை.

ஒளியைப் புள்ளியாகக் குவித்தால் அலை குளத்தில் கல்லெறிந்தது போல வட்டமாகப் பரவும். தொலைவு கூடக்கூட அதன் வீச்சு தொலைவின் வருக்கமூலத்திற்கு எதிர்விகிதத்தில் குறையும். உருளை வில்லையால் கோடாகக் குவித்தால், கோட்டிற்குச் செங்குத்தான இரு திசைகளில் மட்டும் அலை வலுவாகச் செல்லும். கோட்டின் நீளம் 10 மில்லிமீட்டராகவும் அலைநீளம் 1 மில்லிமீட்டராகவும் இருந்தால், கற்றையின் விரிவு ஏறத்தாழ 6 பாகை அளவிலேயே அமையும். மூலத்திற்கு அருகில் அலையின் வீச்சு தொலைவால் குறைவதும் இல்லை. இதைவிடப் பெரிய நன்மை, அதே ஆற்றல் நீண்ட பரப்பில் பகிரப்படுவதால் செறிவு நீக்க எல்லைக்குக் கீழேயே நிற்பதாகும். தொடக்கத்தில் கூறிய முரணுக்குக் கிடைத்த முதல் நல்ல தீர்வு இதுவே. அலைத்துடிப்பின் உருவமும் இதனால் மாறுகிறது. புள்ளி மூலத்தின் ரேலே அலையில் பரப்பு மேலும் கீழுமாக அசைகிறது; வெப்ப மீட்சி நிலையில் உள்ள கோட்டு மூலத்தில் அது பெரும்பாலும் ஒரே பக்கமாக அசைந்து மீள்கிறது.

1985இல் கனடாவில் சியேலோ குழுவினர் ஒளியை வளையமாக விழச் செய்தனர். வளையத்திலிருந்து உள்நோக்கிச் செல்லும் அலைகள் மையத்தில் ஒன்றுகூடிப் பெருகுகின்றன. ஒளி விழும் இடத்தில் செறிவு குறைவு. அலை வலுவாகும் இடத்திலோ ஒளியே இல்லை.

ஒன்றுக்கு மேற்பட்ட இணைகோடுகளாக ஒளியை விழச் செய்வது மற்றொரு வழி. கீற்றணியைக் கொண்டோ, இரு லேசர் கற்றைகளின் குறுக்கீட்டு விளைவைக் கொண்டோ இக்கோடுகளைப் பெறலாம். கோடுகளின் இடைவெளிக்குச் சமமான அலைநீளமுள்ள அலை மட்டும் வலுப்பெறும். அலுமினியத்தில் இடைவெளி 100 மைக்ரோமீட்டர் எனில் 29 மெகாஹெர்ட்சு அதிர்வெண் கிடைக்கும். இங்கிலாந்தின் நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தில் உருவான ஓர் அளவீட்டு முறை இதையே திருப்பிப் பயன்படுத்துகிறது. கோட்டு இடைவெளி தெரியும், எழும் அதிர்வெண்ணை அளக்கலாம். இரண்டையும் பெருக்கினால் அவ்விடத்தின் அலைவேகம் கிடைத்துவிடும். உலோகத்தின் ஒவ்வொரு படிக மணியிலும் வேகம் அதன் திசையமைவுக்கேற்ப மாறுவதால், பரப்பு முழுதும் வருடி மணிகளின் வரைபடத்தையே வரைந்துவிடலாம்.

1991இல் சப்பானில் யமனக்கா குழுவினர் லேசர் கற்றையை அலையின் வேகத்திலேயே பரப்பின் மீது நகர்த்தினர். ஊஞ்சலை அதன் போக்கிலேயே தள்ளிக்கொண்டு ஓடுவதற்கு இதை ஒப்பிடலாம். சிறு வெப்பம் அடுத்தடுத்து ஒரே அலையில் சேர்வதால் அலை வளர்கிறது, பரப்பு எவ்விடத்திலும் மிகையாகச் சூடாவதில்லை.

அலையைக் கண்டறிதல்

ஒரு நானோமீட்டர் அளவான அசைவை உலோகத்தைத் தொடாமல் அறிவது எழுப்புவதைவிடக் கடினம். மெருகிட்ட பரப்பாயின் இரண்டாவது லேசரையும் குறுக்கீட்டுமானியையும் கொண்டு அசைவை நேரடியாக அளக்கலாம். இதைவிட எளியது கத்திமுனை முறை. பரப்பில் பட்டுத் தெறிக்கும் ஒளிக்கற்றையின் பாதியை ஒரு கத்தியின் விளிம்பு மறைத்திருக்கும். அலை கடக்கும்போது பரப்பு மிகச் சிறிதே சாய, கற்றை விலகி, ஒளியுணரியில் விழும் ஒளியின் அளவு மாறும். சொரசொரப்பான பரப்பில் ஒளி சிதறிவிடுவதால் இவ்விரண்டும் தடுமாறும். அங்கு பாபிரி-பெரோ குறுக்கீட்டுமானி போன்ற சிக்கலான, விலைமிக்க கருவிகள் வேண்டும். மின்கடத்தும் உலோகங்களுக்குக் காந்தமும் கம்பிச்சுருளும் கொண்ட மின்காந்த உணரியும் பொருந்தும். அது பரப்பைத் தொடுவதில்லை எனினும் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு நெருங்கி இருக்கவேண்டும்.

மூலத்திலிருந்து 30 மில்லிமீட்டர் தள்ளி அலுமினியத் தகட்டில் உணரியை வைத்தால், பரப்பை ஒட்டி வரும் வலுவற்ற நெட்டலை 4.8 மைக்ரோநொடியிலும், அதைவிடப் பன்மடங்கு பெரிதான ரேலே அலை 10.3 மைக்ரோநொடியிலும் வந்து சேரும்.

பயன்பாடுகள்

பரப்பில் திறந்துள்ள விரிசலைக் கண்டறிவதே முதன்மைப் பயன். விரிசலில் மோதும் ரேலே அலையின் ஒரு பகுதி திரும்புகிறது, ஒரு பகுதி அடியில் புகுந்து கடக்கிறது. லேசர் எழுப்பும் குறுந்துடிப்பில் பல அதிர்வெண்கள் கலந்திருப்பது இங்கு பெரும் நன்மை. 0.3 மில்லிமீட்டர் ஆழமுள்ள விரிசலை எண்ணிப் பார்ப்போம். 1 மெகாஹெர்ட்சு அலையின் நீளம் அலுமினியத்தில் 2.9 மில்லிமீட்டர் என்பதால், அது விரிசலைப் பெரிதும் பொருட்படுத்தாமல் கடந்துவிடும். 20 மெகாஹெர்ட்சு அலையின் நீளம் 0.15 மில்லிமீட்டருக்கும் குறைவு. அதற்கு அவ்விரிசல் ஒரு சுவர். எந்த அதிர்வெண்ணுக்கு மேல் அலை தடுக்கப்படுகிறது என்று பார்த்தால் விரிசலின் ஆழத்தை மதிப்பிடலாம். விரிசல் உள்ளதா என்று அறிவதைவிட, பாகத்தை இன்னும் பயன்படுத்தலாமா அல்லது கழற்றவேண்டுமா என்ற முடிவுக்கு இந்த ஆழமே அடிப்படை.

மிகச் சிறு விரிசல்களில் திரும்பிவரும் அலை இரைச்சலில் மறைந்துவிடும். அமெரிக்காவின் நார்த்வெசுட்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஆக்கன்பாக், கிருட்டிணசாமி முதலியோர் 2000ஆம் ஆண்டளவில் உருவாக்கிய வருடும் லேசர் மூல முறை இதற்கு விடை. இம்முறையில் எதிரொலியைத் தேடுவதில்லை. ஒளிக்கோட்டையே பரப்பின் மீது நகர்த்துவர். கோடு விரிசலின் விளிம்பைத் தொடும்போது, நேராகச் செல்லும் அலையும் விரிசலில் பட்டுத் திரும்பும் அலையும் இணைவதாலும், அவ்விளிம்பில் விரிவைத் தடுக்கும் உலோகம் ஒருபுறம் இல்லாமற்போவதாலும் அலையின் வீச்சு தெளிவாக ஏறி இறங்கும். கோடு விரிசலைத் தாண்டியதும் வீச்சு குறைந்துவிடும். அலைநீளத்தைவிடச் சிறிய விரிசலும் இவ்வாறு அகப்படுகிறது.

மேற்பூச்சுகளை அளப்பது அடுத்த பயன். சீரான பொருளில் ரேலே அலையின் வேகம் அதிர்வெண்ணைச் சாராது என்று கண்டோம். எஃகின் மேல் கடினமான மெல்லிய பூச்சு இருந்தால் இது மாறும். குறைந்த அதிர்வெண் அலை ஆழமாக எஃகை உணர்ந்து செல்லும். உயர் அதிர்வெண் அலை பூச்சையே மிகுதியாக உணரும். ஆகவே வேகம் அதிர்வெண்ணுடன் மாறத் தொடங்குகிறது. இம்மாற்றத்தின் வளைகோட்டிலிருந்து பூச்சின் யங் குணகத்தையோ தடிப்பையோ கணக்கிடலாம். செருமனியின் திரெசுடன் நகரிலுள்ள பிரான்கோபர் ஆய்வு நிறுவனம் இக்கொள்கையில் இயங்கும் அளவுகருவியை உருவாக்கியுள்ளது. வைரம் போன்ற கார்பன் படலங்கள் முதலான பூச்சுகளை, வெட்டவோ கீறவோ செய்யாமல் அது அளக்கிறது.

உலோகத்தினுள் உறைந்திருக்கும் எச்சத் தகைவை அளக்கவும் இவ்வலைகள் பயன்படும் என்பர். தகைவு அலைவேகத்தை மாற்றுவது உண்மைதான். ஆனால் அம்மாற்றம் மிகச் சிறியது. உருட்டித் தகடாக்கும்போது படிக மணிகள் ஒரே பக்கம் சாய்வதாலும் அதே அளவு மாற்றம் நேரும். இரண்டையும் பிரித்தறியாமல் தரப்படும் அளவீடுகளை ஐயத்துடனேயே நோக்கவேண்டும்.

வரம்புகளும் பாதுகாப்பும்

அதிர்வெண்ணை விரும்பியவாறு உயர்த்திக்கொண்டே செல்ல இயலாது. உலோகம் சிறு படிக மணிகளின் தொகுப்பு என்பதால், அலைநீளம் மணியின் அளவை நெருங்கும்போது அலை சிதறிப்போகும். அலைநீளம் மணியைவிட மிகப் பெரிதாக உள்ள நிலையில் இச்சிதறல் அதிர்வெண்ணின் நான்காம் அடுக்கில் வளர்கிறது. அதாவது அதிர்வெண்ணை இரட்டித்தால் சிதறல் பதினாறு மடங்காகும். பெருமணி வார்ப்பிரும்பில் சில மெகாஹெர்ட்சுக்கு மேல் பயனுள்ள அலை கிடைப்பது அரிது. பளபளப்பான செம்பு, வெள்ளி போன்றவை ஒளியை மிகுதியாகத் தெறிக்கச் செய்வதால் அவற்றில் அலை எழுப்புவதும் கடினம். லேசரும் குறுக்கீட்டுமானியும் சேர்ந்த தொகுதியின் விலை ஆப்பு மாற்றியின் விலையைவிடப் பன்மடங்கு என்பதால், கைக்கு எட்டும் குளிர்ந்த பாகங்களைச் சோதிக்கப் பழைய முறையே இன்றும் பொருத்தமானது.

1,064 நானோமீட்டர் ஒளி கண்ணுக்குத் தெரியாது. ஆயினும் விழிவில்லை அதை விழித்திரையில் குவித்துவிடும். இமை மூடுவதற்கு ஏறத்தாழ கால் நொடி தேவை. துடிப்போ அதற்குள் முடிந்துவிட்டிருக்கும். உலோகப் பரப்புகள் ஆடிபோல ஒளியைத் தெறிக்கச் செய்வதால், ஆபத்து லேசரின் முன்னே நிற்பவருக்கு மட்டும் அன்று, அறையின் மறுகோடியில் இருப்பவருக்கும் உண்டு. எடுத்துக்காட்டில் கண்ட 5 மில்லியூல் துடிப்பு அலுமினியத்தை 12 பாகையே சூடாக்குகிறது. அதன் மிகச் சிறு பங்கு தெறித்துக் கண்ணினுள் புகுந்தாலும் பார்வையை நிலையாக இழக்க நேரிடலாம். ஆகவே அவ்வலைநீளத்திற்கென அமைந்த காப்புக் கண்ணாடியும், கற்றை முழுவதையும் மூடிய அமைப்பும் இன்றி இச்சோதனைகளைச் செய்யலாகாது.